இருந்தவர் இருந்தபடி

குமுளமுனை
1.12.1997

திரு. இன்னாசித்தம்பி அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். சென்ற திங்கட்கிழமை காலை உங்கள் வள்ளத்தில் கடைசியாக ஏறியவளும் முதலாவதாக நீருக்குள் போனவளும் நான்தான். உருத்திரபுரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றேன். சென்ற ஆண்டு ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, இங்கே ஒரு கொட்டிலில் இருக்கிறேன். செம்மலைப் பள்ளிக்கூடத்தில் சோதனை மேற்பார்வைக்கு ஆளில்லை என்று கேட்டார்கள், புறப்பட்டேன். தெருவை வெள்ளம் மூடியிராவிட்டால் நாயாற்றுக் கடனீரேரியை வள்ளத்தில் கடக்கும் எண்ணம் எனக்கு வந்திராது.

நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு பேரையும் நீங்கள்தான் கரையேற்றினீர்கள். என்னைத் தலைமயிரில் பிடித்து இழுத்தீர்கள். பிடிப்பதற்கு வேறொன்றும் வெளியே தெரியவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

இனி மற்றது. என் கணுக்கால் எலும்பு வெடித்திருக்கிறது. என்னிடம் படித்த வீரகத்திக்குக் காறையெலும்பு முறிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டிலில் இருப்பவன், கமக்காரன். காலபோக வயல்வேலை நடக்கும் இந்த நேரத்தில் மண்வெட்டி பிடிக்க இயலாமல் குந்தியிருக்கிறான். என் மூக்குக்கண்ணாடியும் ஒரு செருப்பும் நீரோடு போயின. இந்தக் கடிதத்தைக் கண்ணால் எழுதவில்லை, கைப்பழக்கத்தால் எழுதுகிறேன்.

கடற்றொழிலாளர் சங்கம் வாக்குமூலம் கேட்டது. கொடுத்தேன். துறையில் கட்டியிருந்த வள்ளம், காற்றில்லாத காலையில், அசையாத நீரில் கவிழுமாயின், அதற்குப் படகோட்டியின் கவனக்குறைவே காரணமாக இருக்க முடியும் என்று எழுதினேன். ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு அவரிடம் மறைக்கும் வழக்கம் எனக்கில்லை. ஆகவே உங்களுக்கும் அறிவிக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

இங்ஙனம்,
க. பத்மாசனி


செம்மலைக் கரை
12.12.1997

மதிப்புக்குரிய ரீச்சர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. என் வாசலில் நின்றால் உங்கள் பக்கத்து மருதமரங்கள் தெரியும். கடிதமோ தண்ணீரூற்று, முல்லைத்தீவு, அளம்பில் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. வள்ளம் ஓடினால் முக்கால் மணித்தியாலம்.

வள்ளம் ஓடவில்லை. சங்கம் நிறுத்தச் சொல்லிவிட்டது. கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். மாசி நடுவில் கூட்டம் வைத்து முடிவு சொல்வார்களாம். என்னில் பிழை என்று கண்டால் துறையை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். இருபத்தாறு வருசமாக நான் நிற்கிற துறை. கடலுக்குப் போக இந்த வயதில் உடம்பு விடாது. பரவாயில்லை, அது என் பாடு.

உங்கள் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நல்ல தமிழ். எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. வள்ளம் கவிழ்ந்தால் ஓட்டுகிறவன்தான் பொறுப்பு.

ஒன்று மட்டும். வள்ளத்தை முன்பக்கத்தில் மட்டும் கட்டியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை அம்மா. அணியத்திலும் கயிறு இருந்தது, கடையாரிலும் கயிறு இருந்தது. முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம், பின்பக்கத்தைக் கடையார் என்போம். இரண்டு முடிச்சும் நான் போட்டது.

உங்கள் செருப்பு கிடைத்தது. தங்கச்சி யூலிற்றா கழுவிக் காயவைத்திருக்கிறா. கண்ணாடி அகப்படவில்லை. தண்ணீர் தெளியட்டும், சுழியோடிப் பார்க்கிறேன். கால் சுகப்பட மாதாவை மன்றாடுகிறோம்.

சந்தியாம்பிள்ளை இன்னாசித்தம்பி


குமுளமுனை
24.12.1997

இன்னாசித்தம்பியார் அவர்களுக்கு,

மறுப்பு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் 'ஒன்று மட்டும்' என்று தொடங்குகிறவரிடம் மறுப்பு நிறைய இருக்கும். முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

கயிறு இரண்டு இருந்ததை வீரகத்தியிடம் விசாரித்தேன். ஓம் என்றான். ஆகவே என் வாக்குமூலத்தில் ஒரு பிழை இருக்கிறது. ஒரு பிழை இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். என் கையெழுத்துக்கு மேலே பிழை இருப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஆதலால் நேரே கேட்கிறேன்: வள்ளம் ஏன் கவிழ்ந்தது?

இதற்கிடையில் உங்கள் சங்கம் எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறது. வள்ளத்தில் ஏறுவோருக்கான அறிவுறுத்தல் ஒன்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரவேண்டுமாம். இரு கரையிலும் பலகையில் ஒட்டுவார்களாம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்களூர்க் கமக்காரர். வாய்க்கால் தண்ணீரைத்தான் அறிவார்கள். ஆளை மூடும் தண்ணீர் அவர்களுக்குப் புதிது. என்னைத் தேர்ந்ததற்குக் காரணம் என் பட்டம். பேராதனையில் பருவக்காற்று எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்று படிப்பித்தார்கள். வள்ளத்தில் ஏறும்போது காலை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அணியம் என்ற சொல்லையே அறுபத்தெட்டு வயதில் உங்கள் கடிதத்தில்தான் சந்தித்தேன்.

எனவே உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். எதற்கு என்ன பெயர், எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்று எழுதினால் போதும். அழகாக எழுத வேண்டியதில்லை. அழகை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளை உங்கள் திருநாள். வாழ்த்துகள். கடிதம் வந்து சேரும்போது அது பழைய திருநாளாகியிருக்கும்.

க. பத்மாசனி


செம்மலைக் கரை
5.1.1998

அன்புள்ள ரீச்சர் அம்மாவுக்கு,

கண்ணாடி கிடைத்துவிட்டது. வள்ளம் கட்டுகிற துறைக் குற்றிக்குக் கீழே சேற்றில் நேராக நின்றது, ஆரோ போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. ஒரு பக்கக் கால் உடைந்திருக்கிறது. நைலோன் நூலால் கட்டியிருக்கிறேன். செருப்போடு சேர்த்து, முல்லைத்தீவால் சுற்றி வருகிற தபால்காரரிடம் கொடுத்தேன். யூலிற்றா கருவாடும் வைத்து அனுப்புவோம் என்று நின்றா. ரீச்சர் சைவம், அவவுக்கு மணமே ஆகாது என்று மறித்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது. அணியமும் கடையாரும் எழுதிவிட்டேன். வள்ளத்தின் அடியில் அணியத்திலிருந்து கடையார்வரை ஓடுகிற கட்டைக்கு ஏரா என்று பெயர். மனிசருக்கு முதுகெலும்பு மாதிரி. ஏறுகிறவர் காலை அதன் நேரே, நடுவில் வைக்க வேண்டும். விளிம்பில் மிதித்தால் வள்ளம் அந்தப் பக்கம் சரியும். குதிக்கக் கூடாது. கையில் பொதியோடு ஏறக் கூடாது. பொதியை முதலில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு, குனிந்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வரவேண்டும். பாரமான சாமான் நடுவில், அடியில்.

இடப்பக்கம் வலப்பக்கம் என்று பலகையில் எழுதாதேங்கோ. வள்ளத்தில் ஆட்கள் முகத்துக்கு முகம் பார்த்து இருப்பார்கள். ஒருவருடைய இடம் மற்றவருக்கு வலம். அவசரத்தில் எல்லாரும் ஒரே பக்கம் விழுவார்கள். கரைப்பக்கம், காற்றுப்பக்கம் என்று எழுதுங்கோ. காற்று எங்கே நிற்கிறது என்பது கண்ணை மூடினாலும் கன்னத்தில் தெரியும்.

துடுப்பைச் சவள் என்போம். அதைத் தொடுவது ஓட்டுகிறவனின் வேலை. நங்கூரத்தை அணியத்தால்தான் போடவேண்டும். கடையாரால் போட்டால் அலை பின்னால் ஏறித் தண்ணீர் நிரம்பும். ஊறுகிற தண்ணீரை அள்ள ஒரு பேணி எப்போதும் வேண்டும், அதைக் கயிற்றில் கட்டி வைக்கவேண்டும். மண்ணெண்ணெய் இல்லாவிட்டாலும் வெறுங் கான் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மூடியை இறுக்கி, இரண்டைக் கயிற்றால் தொடுத்து, பிள்ளைகளின் கைகளுக்குக் கீழே கட்டினால் அமிழாது.

வள்ளம் கவிழ்ந்தால் கரையைப் பார்த்து நீந்த வேண்டாம். மரம் தாழாது. வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டும்.

இன்னொன்று. ஆட்கள் ஏறும்போது ஓட்டுகிறவன் கடையாரில் குந்தியிருந்து, துறைக் குற்றியை ஒரு கையால் பிடித்திருக்க வேண்டும். ஏறிவிட்டவர்கள் இருக்கவேண்டும். ஆர் ஏறினாலும், சுவாமியாரே ஏறினாலும், இருந்தவர் இருந்தபடி. இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கோ.

மற்றக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மன்னியுங்கோ.

இன்னாசித்தம்பி


குமுளமுனை
18.1.1998

இன்னாசித்தம்பியாருக்கு,

கண்ணாடி வந்தது. கட்டிய முடிச்சு கடைக்காரன் பூட்டிய திருகாணியிலும் உறுதியாக இருக்கிறது. நன்றி.

தெளிவாகப் பார்க்கத் தொடங்கிய முதல் நாளே பார்க்க விரும்பாத ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அறிவுறுத்தலை எழுதி முடித்து, ஒரு கமக்காரனுக்கு விளங்குகிறதா என்று அறிய வீரகத்தியிடம் கொடுத்தேன். கழுத்தோடு கையைக் கட்டியபடி, மற்றக் கையில் தாளைப் பிடித்து உரக்க வாசித்தான். ஏராவுக்குத் தலையாட்டினான். வெறுங் கான் நல்ல யோசனை என்றான். 'இருந்தவர் இருந்தபடி' என்ற கடைசி வரிக்கு வந்ததும் வாசிப்பு நின்றது. எழுத்து விளங்கவில்லையா என்று கேட்டேன்.

"எழுத்து விளங்குது ரீச்சர். இதை வெட்டிவிடுங்கோ."

ஏன் வெட்ட வேண்டும் என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தேழு வயதில், நரைத்த மீசையோடு, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையனின் முகம் எப்படி இருக்கும் என்று கண்டேன்.

"நீங்கள் ஏறேக்கை நாங்கள் எப்பிடி ரீச்சர் இருந்துகொண்டிருக்கிறது?"

பதினொரு பேரில் ஆறு பேர் என்னிடம் படித்தவர்களாம். நான் காலை உள்ளே வைத்ததும் ஆறு பேரும் எழுந்தார்களாம். ஆறு பேர் எழுவதைக் கண்டு, யாரோ பெரியவர் வருகிறார் என்று மற்றவர்களும் எழுந்தார்களாம். எல்லோரும் எனக்கு வழிவிட ஒரே பக்கம் ஒதுங்கினார்களாம். அவ்வளவுதான் நடந்தது. அந்த வள்ளம் அவர்களுக்கு வகுப்பறைபோல் இருந்திருக்கிறது. இல்லை, பொய் சொல்லக் கூடாது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நான் அதைக் காணவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது. கண்டேன், கவனிக்கவில்லை. நான் நுழைந்த அறைகளிலெல்லாம் மனிதர் எழுந்து நின்றிருக்கிறார்கள். அறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதன் பின்னர் கொட்டிலுக்கு வந்து, நனைந்த சேலையை மாற்றி, உங்கள் கவனக்குறைவைப் பற்றி நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதினேன்.

நீங்கள் கடையாரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். சங்கத்திடம் ஏன் சொல்லவில்லை? எனக்காவது ஏன் எழுதவில்லை? இரண்டு முறை கேட்டேன். பெரிய எழுத்தில் போடச் சொன்ன அந்த ஒரு வரிக்குள் ஒளித்து வைத்தீர்கள்.

கூட்டம் மாசி பதினைந்தாம் திகதி. சங்கத்துக்கு மாற்று வாக்குமூலம் எழுதப் போகிறேன்.

பத்மாசனி


செம்மலைக் கரை
29.1.1998

அன்புள்ள ரீச்சர் அம்மாவுக்கு,

எழுதாதேங்கோ. கும்பிட்டுக் கேட்கிறேன்.

அந்த ஆறு பேரும் எழுந்தது குற்றம் என்று ஒரு கடுதாசியில் இருக்கக் கூடாது. ஊரை விட்டு, வயலை விட்டு, மாட்டை விட்டு வந்து கிடக்கிறவர்கள். உங்களைக் கண்டதும் எழும்பவேண்டும் என்பதை மட்டும் விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். அதையும் பிழை என்று சங்கத்தில் வாசித்தால் ஆட்கள் சிரிப்பார்கள். உங்களையும் சிரிப்பார்கள். ரீச்சர் ஏறினால் வள்ளம் தாழும் என்று பகிடி கட்டிவிடுவார்கள். இந்தக் கரையின் வாய் எனக்குத் தெரியும்.

அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாளும் மறுமொழி எழுதாமல் விட்டேன். யூலிற்றாவுக்கும் சொல்லவில்லை.

நானும் எழும்பினனான்.

ஓட்டுகிறவன் குந்தியிருந்து குற்றியைப் பிடிக்கவேண்டும் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்கு அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் துறையால் நடந்து வந்தீர்கள். வெள்ளைச் சேலை, கையில் புத்தகம். நான் மூன்றாம் வகுப்போடு வலைக்குப் போனவன். எனக்கு வகுப்பெடுத்த ரீச்சர் என்று ஒருவரும் இல்லை, வருகிறார் என்று எழும்பவும் ஆளில்லை. மற்றவர்கள் எழும்புவதைக் கண்டதும் என்ன நினைத்தேனோ தெரியாது. குற்றியை விட்டேன். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து எழும்பினேன். நான் இருந்திருந்தால் வள்ளம் ஆடியிருக்கும், கவிழ்ந்திராது. என் கை ஒன்று போதும், பிடித்திருப்பேன்.

ஆகையால் உங்கள் வாக்குமூலம் சரி, அம்மா. கவனக்குறைவு என்று எழுதினீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். துறை போனால் போகட்டும்.

இன்னாசித்தம்பி


குமுளமுனை
8.2.1998

அன்புள்ள இன்னாசித்தம்பியாருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை வாசித்தேன். மூன்றாவது முறை தேவைக்காக அல்ல.

எழுத வேண்டாம் என்கிறீர்கள். எழுதிவிட்டேன். வீரகத்தி சுற்றுவழியால் சைக்கிளில் உங்கள் பக்கம் வருகிறான். ஒற்றைக் கையால் ஓட்டக் கூடாதென்றால் கேட்கிறானில்லை. சங்கத்துக்கான கடிதமும் இதுவும் ஒரே பையில் வருகின்றன. அதில் இருப்பதைச் சொல்கிறேன், பதற வேண்டாம்.

முந்திய வாக்குமூலத்தை மீளப் பெறுவதாக எழுதினேன். கயிறு இரண்டும் முறையாகக் கட்டப்பட்டிருந்தன. வாழ்க்கையில் முதன்முதலாக வள்ளத்தில் ஏறிய முதிய பயணி ஒருவர், மற்றவர்களை அமர்ந்திருக்கும்படி சொல்லாமல், நடுவில் மிதிக்காமல், தனக்கு வழி விடப்படும் என்ற எண்ணத்தோடு ஏறியதால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தப் பயணி நானே. பதினொருவரையும் படகோட்டி தனி ஒருவராகக் காப்பாற்றினார். இவ்வளவுதான் எழுதினேன். ஆறு பேரின் பெயர் அதில் இல்லை. ஒருவர் எழுந்ததாகவும் இல்லை. சிரிக்க விரும்புவோர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பத்தாம் வகுப்பு மாணவரின் சிரிப்பைத் தாங்கியவளுக்குச் செம்மலைக் கரை எம்மாத்திரம்?

நீங்கள் எழுந்ததையும் நான் எழுதவில்லை. அது உண்மையை மறைப்பதுதான். தெரிந்தே குறைவிடை எழுதுவது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. வேறு ஒருவர் எழுதியிருந்தால் பாதிப் புள்ளிதான் போட்டிருப்பேன். ஆனால் அதைக் கூட்டத்தில் வாசித்தால் ஒரு துறையின் பிழையாகிவிடும். என்னிடம் இருந்தால் அது வேறொன்று. ஆகையால் அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் கூட்டத்தில் எழுந்து பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டாம்.

பத்மாசனி


குமுளமுனைத் துறையிலிருந்து
18.2.1998

அன்புள்ள ரீச்சர் அம்மாவுக்கு,

சங்கம் துறையைத் திருப்பித் தந்துவிட்டது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் மட்டும், இந்த மனிசி தன்னையும் விடமாட்டா போல கிடக்கு என்றார். நான் வாயைத் திறக்கவில்லை; திறக்கப் போனபோது யூலிற்றா காலை மிதித்தா. உங்கள் பலகையும் ஒட்டியாயிற்று.

திங்களும் செவ்வாயும் வள்ளத்தை இறக்கி இந்தக் கரைக்கு வந்தேன். ஒருவரும் ஏறவில்லை. வந்து நிற்கிறார்கள், பலகையை வாசிக்கிறார்கள், வள்ளத்தைப் பார்க்கிறார்கள், பிறகு சுற்றுவழியால் நடந்து போகிறார்கள். குற்றமில்லை என்று சங்கம் சொல்லலாம். பயமில்லை என்று சங்கம் சொல்ல இயலாது. இன்றைக்கும் அப்படியே. வெறும் வள்ளத்தை வலித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறேன். இப்படி இன்னும் ஒரு கிழமை போனால் துறை தானாகவே போய்விடும்.

நீங்கள் ஒருக்கால் ஏறினால் ஆட்கள் ஏறுவார்கள். இதை உங்கள் கொட்டிலுக்கு வந்து நேரே கேட்டிருக்கலாம். நூறு பாகத் தூரம்கூட இல்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் நீங்கள் ஓம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கடிதம் என்றால் இல்லை என்று எழுதலாம். அதனால் துறையில் குந்தியிருந்து எழுதி வீரகத்தியிடம் கொடுத்துவிடுகிறேன். கால் நோகும் என்றால் வரவேண்டாம். பயம் என்றாலும் வரவேண்டாம்.

இன்னாசித்தம்பி


குமுளமுனை
18.2.1998, பின்னேரம்

அன்புள்ள இன்னாசித்தம்பியாருக்கு,

கால் நோகிறது. பயமும் இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்கு வருவேன்.

துறைவரை வீரகத்தியின் சைக்கிளில் வருவேன். துறையிலிருந்து என் காலால். யாரும் என்னைத் தூக்கக் கூடாது. வள்ளம் வெறுமையாக இருக்கும்போதே ஏறி நடுப்பலகையில் இருந்துகொள்வேன். என் பின்னால் யார் ஏறினாலும் நான் எழப்போவதில்லை. கூரைக்குக் கிடுகு வாங்கப் போகிறவர்கள், மருந்துக்குப் போகிறவர்கள் என்று ஒன்பது பேரை வீரகத்தி சேர்த்துவிட்டான். ரீச்சர் போறா என்று சொன்னானாம், அவ்வளவுதானாம். அந்த மரியாதையால் இந்த முறையாவது ஒரு நன்மை விளையட்டும்.

நீங்கள் மட்டும் அறிய இன்னொன்று. அக்கரையில் அவர்கள் இறங்கியதும் என்னை இறங்கச் சொல்ல வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், ஒரு விடுமுறை நாள், தோழிகள் கண்டி வாவியில் படகேறிச் சுற்றி வந்தார்கள். போய்ச் சேர ஓர் இடமில்லாத பயணம் எதற்கு என்று கேட்டுவிட்டு, நான் கரையில் இருந்து புத்தகம் வாசித்தேன். என்ன புத்தகம் என்று இப்போது நினைவில் இல்லை. அவர்கள் சிரித்தது நினைவிருக்கிறது.

காற்று நல்லதாக இருந்தால், ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் சவளை நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு திருப்பிக் கொண்டுவாருங்கள். செம்மலையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. யூலிற்றா கேட்டால், ரீச்சருக்கு ஏதோ அலுவல் என்று சொல்லுங்கள்.

பத்மாசனி